நாணை இழுத்ததும் ஓடிய வான்கோழி

அமெரிக்காவின் மிசோரியில் ஏப்ரல் மாத வில் வேட்டை. மரத்தில் சாய்ந்து அசையாமல் இருப்பேன். காட்டு வான்கோழிச் சேவல் 20 கஜத்துக்குள் வரும். நாணை இழுக்கக் கை அசைந்ததும் கழுத்தை நீட்டி 'பட்' என்று ஒரு குரல், அப்புறம் ஓட்டம்தான். மூன்று முறை இப்படியே போனது. பக்கவாட்டில் கண் இருப்பதால் அதற்குத் தலைக்குப் பின்னால் கொஞ்சம்தான் தெரியாது. துப்பாக்கி என்றால் முன்பே குறிபார்த்துக் காத்திருக்கலாம். வில்லில் அது நடக்காது.

சரி என்று மறைவுக் கூடாரம் போட்டேன். புதுக் கூடாரத்தை அது கண்டுகொள்ளவே இல்லை. பின் ஜன்னல்களை மூடி, கறுப்புச் சட்டையில் இருட்டோடு இருட்டாக உட்கார்ந்தேன். 10 கஜத்தில் இளஞ்சேவல் பொம்மையை என்னைப் பார்த்தபடி நிறுத்தினேன். அதை எதிர்த்து நின்ற சேவல் எனக்கு முதுகைக் காட்டி வாலை விரித்தது. அந்த விசிறியே அதன் கண்ணை மறைத்தது. அப்போதுதான் நாணை இழுத்தேன். காயத்தோடு பறந்துபோய் எங்கோ துடித்துச் சாகக் கூடாது என்பதால், அது அசையாமல் நிற்கும்வரை அம்பை விடவில்லை.