தற்கொலை எண்ணத்தை மருத்துவரிடம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சோர்வை அளவிடப் பல நாடுகளில் மருத்துவர்கள் கொடுக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. தூக்கம், பசி, களைப்பு, கவனம் என்று வரிசையாக எட்டுக்கும் உள்ளதை உள்ளபடி குறிக்கிறவர்களில் பலர் ஒன்பதாவதில் வந்து நின்றுவிடுகிறார்கள். கடந்த இரண்டு வாரங்களில் செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. ‘இல்லவே இல்லை’ என்பதில் தொடங்கி ‘ஏறக்குறைய தினமும்’ என்பது வரை நான்கு கட்டங்கள். பேனா சற்றுத் தயங்கும். பிறகு முதல் கட்டத்தில் டிக் விழும்.

அந்த ஒரு டிக், மருத்துவர் அன்றைக்கு எடுக்கும் எல்லா முடிவுகளையும் திசை மாற்றிவிடுகிறது. தற்கொலையால் இறந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான ஒரு கட்டுரை, சராசரியாக அவர்களில் 45 சதவீதத்தினர் இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் ஒரு பொது மருத்துவரைச் சந்தித்திருந்தார்கள் என்கிறது. அறைக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, தலைவலியையும் தூக்கமின்மையையும் மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவது அவ்வளவு சாதாரணமாக நடக்கிறது. ‘சொன்னால் யாருக்கெல்லாம் தெரியும், என்னை என்ன செய்வார்கள்’ என்ற பயம்தான் பெரும்பாலும் வாயைக் கட்டிவிடுகிறது. அந்தப் பயத்தில் ஒரு பகுதி நியாயமானது, பெரும்பகுதி தவறான தகவலிலிருந்து வருவது.

மேலே போகுமுன் ஒன்று. உயிரை விட்டுவிடும் முடிவு இந்த நேரத்திலேயே உங்கள் மனத்தில் இருந்தால், இந்தக் கட்டுரை காத்திருக்கட்டும். அருகில் இருப்பவரிடம் ‘என்னைத் தனியாக விடாதீர்கள்’ என்று சொல்லுங்கள். மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அல்லது உதவி எண்ணை அழையுங்கள்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988.

‘சொன்ன உடனே அட்மிட் செய்துவிடுவார்கள்’

வாயைத் திறக்கவிடாமல் செய்யும் முதல் நம்பிக்கை இதுதான். தற்கொலை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மருத்துவர் பதறிப்போய்ப் படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட மாட்டார். அவருக்கு அது புதிய சொல்லும் அல்ல. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த எண்ணம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான்.

தூங்கினால் விழிக்காமலே இருந்துவிடலாம் என்று தோன்றுவது ஒரு நிலை. உயிரை விட்டுவிடலாம் என்ற யோசனை வந்து வந்து போவது அடுத்தது. எப்படி என்று யோசித்திருப்பது, செய்தே தீர்வது என்ற உறுதி இருப்பது, அதற்கான ஏற்பாட்டில் இறங்கியிருப்பது ஆகியவை ஒன்றைவிட ஒன்று தீவிரமானவை. தற்கொலை ஆபத்தை மதிப்பிடப் பல மருத்துவமனைகளில் பயன்படுத்தப்படும் கொலம்பியா அளவுகோலின் கேள்விகளும் ஏறத்தாழ இந்த வரிசையில்தான் செல்கின்றன. கடந்த மூன்று மாதங்களில் ஏதேனும் முயற்சி நடந்ததா என்றும் அது தனியாகக் கேட்கிறது. முதல் இரண்டு நிலைகளோடு நிற்பவர்களில் பெரும்பாலோர், அடுத்த சந்திப்புக்கான தேதியோடு அன்றே வீடு திரும்புகிறார்கள். மருத்துவமனையில் இருக்கச் சொல்வது, அடுத்த சில நாட்களை வெளியில் பாதுகாப்பாகக் கடக்க முடியாது என்று தோன்றும்போது வரும் முடிவு.

ஆகவே ‘எண்ணம் உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று மறைப்பதைவிட, ‘எண்ணம் வருகிறது, ஆனால் செய்வேன் என்று நினைக்கவில்லை’ என்றோ, ‘இந்த வாரம் என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை’ என்றோ உள்ள நிலையைச் சொல்வது உங்களுக்கே நல்லது. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பது கேட்கிற மருத்துவருக்குத் தெரியும்.

பேசினால் எண்ணம் வலுத்துவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பது அந்த எண்ணத்தை அதிகரிக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கட்டுரை, அப்படி அதிகரித்ததற்குச் சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

ரகசியத்தின் எல்லையைக் கேட்காமல் பேசத் தொடங்குவது

‘யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள், அப்போதுதான் சொல்வேன்’ என்று தொடங்குவது இயல்பான ஆசை. ஆனால் நேர்மையான எந்த மருத்துவரும் அந்தச் சத்தியத்தைச் செய்ய முடியாது. தயங்காமல் செய்து தருகிற ஆலோசகரைக் கண்டால் சற்று யோசியுங்கள். நாளை அவர் அதை மீற நேர்ந்தால், உடைவது உங்கள் நம்பிக்கை.

மருத்துவர், மனநல ஆலோசகர் இருவருக்குமே ரகசியம் காப்பதுதான் விதி. வெளியே சொல்வது விதிவிலக்கு. நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும் விதிவிலக்குகள் பெரும்பாலும் இவைதான்: உங்கள் உயிருக்கு உடனடியான, தீவிரமான ஆபத்து; உங்களால் இன்னொருவருக்குத் தீவிரமான ஆபத்து; ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது; நீதிமன்ற உத்தரவு. சாக வேண்டும்போல இருக்கிறது என்று சொல்வது மட்டுமே பொதுவாக முதல் விதிவிலக்கின் கீழ் வந்துவிடாது. பலர் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான்.

எனவே மனத்தில் இருப்பதைக் கொட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: ‘நான் சொல்லப்போவதில் எது இந்த அறைக்குள்ளேயே இருக்கும்? எந்தச் சூழலில் வெளியே சொல்வீர்கள்? சொல்வதானால் யாரிடம்? எனக்குத் தெரிவித்துவிட்டுத்தானே சொல்வீர்கள்?’ இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே இதைத் தானாகச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் கேட்கிற உரிமை உங்களுடையது.

வெளியே சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிவிடுவதில்லை. பாதுகாப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ‘இரண்டு நாட்கள் இவருடன் யாராவது இருக்க வேண்டும்’ என்பது குடும்பத்துக்குப் போகலாம். கடன், காதல், திருமணத்துக்குள் நடந்தது என்று நீங்கள் நம்பிச் சொன்ன காரணங்கள் போக வேண்டியதில்லை. ‘அக்காவிடம் சொல்லுங்கள், அப்பாவிடம் வேண்டாம்’ என்று நீங்களே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். முன்கூட்டியே பேசியவருக்கு இந்தத் தேர்வு கிடைக்கிறது. நிலைமை முற்றிய பிறகு அதைக் கேட்க நேரம் இருக்காது.

எதிரே இருப்பவர் யாருக்குப் பொறுப்பானவர் என்பதையும் பார்க்க வேண்டும். அலுவலகம் ஏற்பாடு செய்த ஆலோசகரானால், நிர்வாகத்துக்கு என்ன அறிக்கை போகிறது என்று கேளுங்கள். பள்ளி ஆலோசகரானால், பெற்றோருக்கு எப்போது சொல்வார் என்று கேளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விதிகள் வேறு, பெற்றோருக்குத் தெரிவிக்கும் வாய்ப்பும் கூடுதல். கைபேசிச் செயலிகள் பலவற்றுக்கு மருத்துவருக்கு உள்ள ரகசியக் கடமை இல்லை. நள்ளிரவில் ஆலோசகருக்கு வாட்ஸ்ஆப்பில் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும் தவறு. அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்துக்குத்தான் உதவி எண்கள் இருக்கின்றன.

போலீஸ் வழக்கு ஆகிவிடும் என்ற அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். எண்ணத்தை மருத்துவரிடம் சொல்வது சிகிச்சை சார்ந்த பேச்சு. முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டங்களும் பல நாடுகளில் விலகிவிட்டன: இலங்கையில் 1998-இல், சிங்கப்பூரில் 2020-இல், மலேசியாவில் 2023-இல். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே பொதுவாகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகவும் அதே சட்டம் அறிவிக்கிறது.

பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது

‘கொஞ்சம் மனசு சரியில்லை டாக்டர்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அவர் காதில் விழுவது சோர்வு மட்டுமே. அவர் ஊகித்துக்கொள்வார் என்று காத்திருக்காதீர்கள். நேரடியான ஒரு வாக்கியம் போதும்: ‘எனக்குத் தற்கொலை எண்ணம் வருகிறது, மூன்று வாரங்களாக, பெரும்பாலும் இரவில்.’ எண்ணம், காலம், எப்போது மோசமாகிறது ஆகிய மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. நா எழவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிடுங்கள். படிவத்தின் ஒன்பதாவது கேள்வியைக் காட்டி ‘இது’ என்றாலும் போதும்.

நேரம் முடிந்து எழுந்து, கதவருகே போய் ‘இன்னொன்று சொல்ல வேண்டும்’ என்பது மிகப் பழைய பழக்கம். முக்கியமானது கடைசியில்தான் வெளியே வரத் துணிகிறது. ஆனால் அப்போது அடுத்த நோயாளியின் பெயரை அழைத்திருப்பார்கள். முதல் ஐந்து நிமிடங்களுக்குள் சொல்லிவிடுங்கள். தவறிப்போய்க் கதவருகே நினைவு வந்தாலும் சொல்லாமல் மட்டும் போய்விடாதீர்கள்.

மருந்து எழுதப்படும் இடத்தில் பாதி உண்மை இன்னும் ஆபத்தானது. மனச்சோர்வு மருந்துகளைத் தொடங்கும் தொடக்க வாரங்களில் இளம் வயதினர் சிலரிடம் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இது பற்றிய தீவிர எச்சரிக்கையை 2004-இல் கட்டாயமாக்கி, 2007-இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. இதைப் படித்துவிட்டு மருந்தைத் தானாக நிறுத்துவது இன்னொரு தவறு. எண்ணம் ஏற்கெனவே இருந்தது என்று தெரிந்தால் மருத்துவர் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாட்களில் மீண்டும் பார்ப்பது என்பதை அதற்கேற்ப அமைப்பார். தெரியாவிட்டால், பத்தாவது நாள் நிலை மோசமாகும்போது அது பழையதா, மருந்தால் வந்ததா என்று பிரித்தறிய அவருக்கு வழியில்லை.

உடன் வந்தவர் முன்னால் பேச முடியாமல் போவதும் உண்டு. அன்போடு வந்த அம்மாவோ கணவரோ நமக்குப் பதிலாக அவர்களே பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ‘டாக்டரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும்’ என்று கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால், செவிலியரிடம் முன்பே சொல்லி வைத்தால் அவர் ஏற்பாடு செய்துவிடுவார்.

வாக்குறுதியை நம்பித் திரும்புவது

‘எதுவும் செய்துகொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்கும் ஆலோசகர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தம் உயிரைக் காக்கிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. வாக்கைக் காப்பாற்ற முடியாதவர் வெட்கத்தில் மேலும் மறைக்கத் தொடங்குவதும் நடக்கும். அதற்குப் பதிலாகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைச் சேர்ந்து எழுதலாமா என்று நீங்களே கேளுங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த அந்த முறையில் ஆறு படிகள்: எண்ணம் வரப்போவதைக் காட்டும் அறிகுறிகள், தனியாக நீங்கள் செய்யக்கூடியவை, மனத்தைத் திருப்பும் மனிதர்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவ உதவி எண்கள், ஆபத்தானவற்றை எட்டாத இடத்துக்கு அகற்றுவது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களிடம் இந்தத் திட்டத்தையும் தொடர்ந்த தொலைபேசி விசாரிப்பையும் சேர்த்துச் செய்து பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழப் பாதியளவுக்குக் குறைந்திருந்தன.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் எதிரே இருப்பவர் ‘இந்த வயதில் உனக்கென்ன குறை’ என்று கடிந்துகொள்ளலாம், அல்லது அறிவுரையில் இறங்கிவிடலாம். அது அவருடைய பயிற்சியின் குறை. ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் பலர் அதன்பின் யாரிடமும் வாய் திறப்பதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் வருத்தமான தவறாகப் படுகிறது. இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். ரகசியத்தை மீறியிருந்தால் மருத்துவமனை நிர்வாகத்திடமோ மருத்துவக் கவுன்சிலிடமோ புகார் கொடுக்கலாம், ஆனால் அதற்கு அவசரமில்லை. புதியவரிடம் போகும்போது முதல் வாக்கியத்திலேயே ‘எனக்குத் தற்கொலை எண்ணம் இருக்கிறது, முன்பு ஒருவரிடம் சொன்னேன், அவர் சரியாகக் கேட்கவில்லை’ என்று சொல்லுங்கள். இம்முறை எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.