குழந்தையோடு வீடு திரும்பும் முன்பே முடிவாகிவிடும் வேலைப் பங்கீடு

தலைப்பிரசவம் தாய்வீட்டில். அப்பா சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், குழந்தையைக் கொஞ்சிவிட்டு, மாமியார் வைத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஞாயிறு இரவு திரும்புவார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வரும்போது, எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம் என்று அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குக் குளிப்பாட்டவே பயம். அப்புறம் எல்லா வேலையும் தெரிந்தவர் தலையில்தான் விழும்.

முதல் தவறு இந்த விருந்தாளி வேடம். தாய்ப்பால் அம்மாதானே கொடுக்க முடியும் என்பார்கள். சரி. தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கவும், ராத்திரி இரண்டு மணிக்கு ஈரத்துணி மாற்றவும் அப்பாவுக்கு என்ன தடை?

விடுப்பும் ஒரு காரணம். அம்மாவுக்குச் சட்டப்படி 26 வாரம். மத்திய அரசில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு 15 நாள். தனியாரில் முதலாளி மனசு. அந்த 15 நாளையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கரைத்துவிடுகிறார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம் என்பதால், வீட்டுக்கு அழைத்துவரும் வாரத்துக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அடுத்தது, 'ஒத்தாசை' செய்வதோடு நின்றுவிடுவது. 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி வரும். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுவது ஒத்தாசை. தேதியை நினைவில் வைத்து, அட்டையைத் தேடி எடுத்து, ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சலைக் கவனிப்பதுதான் வேலை. "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்ற வசனம் உங்கள் வீட்டில் கேட்கிறதா? அப்படியென்றால் பொறுப்பு இன்னும் கைமாறவில்லை.

அம்மாக்கள் செய்யும் தவறும் உண்டு: அவர் கோணலாகக் கட்டிய டயபரை உடனே அவிழ்த்துக் கட்டுவது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை அவர் கையே வைக்க மாட்டார். (சிலர் அதற்காகவே கோணலாகக் கட்டுவார்கள், அது வேறு கதை.)

2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்பவர்களில் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. பாட்டி கூட இருக்கும்வரை இந்த இடைவெளி உறைக்காது. "ஆம்பளப் புள்ள இதையெல்லாமா செய்யுறது" என்று அவரே குழந்தையை வாங்கிக்கொள்வார். பாட்டி ஊருக்குக் கிளம்பும்போது அந்த வேலை இரண்டாகப் பிரியாது. மொத்தமாக மருமகளிடம் வந்து சேரும். பாட்டி பையைக் கட்டுவதற்கு முந்தைய வாரமே அப்பா குளிப்பாட்டப் பழகியிருக்க வேண்டும், அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதே.