மாட்டுக் கட்டுத்தரையைப் பிள்ளைகள் படிக்கவும் கூத்து பழகவும் மாற்றுவது எப்படி?

வாழப்பாடிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாடு குறைந்தபின் சும்மா கிடந்த கட்டுத்தரையில் இப்போது சாயங்காலம் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூத்து அடவு பழகுகிறார்கள். அதே மாதிரி செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கொத்தனார் பிடிப்பது, மணல் இறக்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சுவர் வேலைக்கு முன் கிணறு

பக்கத்தில் கிணறு இருந்தால் கைப்பிடிச் சுவரும் கம்பிவலை மூடியும் போட்டபிறகு மற்ற வேலை. பூச்சிமருந்து வைத்திருந்த மூலையிலுள்ள சாக்கு, பலகை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். "நல்ல பலகையாச்சே" என்று புத்தக அலமாரி அடித்துவிடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் துளை போடவோ உடைக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முழு ஷீட்டாக இறக்கத் தெரிந்த ஆளை வையுங்கள்.

மோட்டாருக்கான இலவச மின் இணைப்பிலிருந்து ஒரு பல்புக்குக்கூட ஒயர் இழுக்கக் கூடாது. அது விவசாயத்துக்கு மட்டும் கொடுத்தது. தனி இணைப்புக்கு எழுதிப் போடுங்கள்.

கூரைக்கு என் ஓட்டு மங்களூர் ஓட்டுக்கே. தகரத்தின் கீழே சித்திரையில் உட்கார முடியாது, மழை பிடித்தால் சொல்லிக்கொடுப்பவர் குரல் கேட்காது. பனஞ்சட்டங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இருக்கட்டும், பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான்.

உப்புப் பூத்த சுவர்

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வருஷக்கணக்காக மாட்டு மூத்திரம் இறங்கிய தரையிலும் சுவரின் அடிப்பாகத்திலும் நைட்ரேட் உப்பு ஊறியிருக்கும். தொழுவத்து மண்ணைக் காய்ச்சி வெடியுப்பு எடுத்த காலமே உண்டு. இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். அதனால் மழை இல்லாத நாளிலும் சுவர் வேர்த்தது போலிருக்கும். இதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். எங்கள் சுவரில் பூசிய சிமெண்ட், ஐப்பசி மழை முடிவதற்குள் அப்பளமாகப் பொரிந்து, விரலால் தொட்டாலே பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு.

சரி, வழி என்ன? சுவரில் நிறம் மாறிய கோடு ஒன்று தெரியும். அதற்கும் ஓர் அடி மேலே வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்கை ஓர் அங்குலம் தோண்டிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுங்கள். பாக்கெட் சுண்ணாம்பைவிட, சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி, தண்ணீர் விட்டு நீற்றி இரண்டு வாரமாவது ஊறவைத்ததே எனக்குப் பிடிக்கும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இந்த முதல் பூச்சும் உப்பைக் குடித்துவிட்டு உதிரத்தான் செய்யும். பயப்படாமல் சுரண்டிவிட்டு மறுபூச்சு போடுங்கள். பெயிண்ட் வேண்டவே வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

தரையையும் வாடை நிற்கும்வரை தோண்டி, 40 மி.மீ. ஜல்லியைத் தூசி இல்லாமல் அரையடி நிரப்பினால் கீழிருந்து ஈரம் ஏறாது. தோண்டிய மண்ணை வீசிவிடாதீர்கள், தென்னைக்கு அருமையான உரம்.

கூத்துக்கு இடம்

தீனித்தொட்டியை இடிக்க வேண்டாம். பலகை போட்டால் பிள்ளைகள் உட்காரும் திண்ணை, அடியில் புத்தகம். முழுத் தரைக்கும் டைல்ஸ் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சலங்கை கட்டி, கிறுக்கி சுற்றிச் சுழன்று ஆடும் காலுக்கு மண்தரைதான் சரி. நடுவில் ஒரு பகுதியைச் சாணி மெழுகிய தரையாகவே விடுங்கள். முகவீணை என்ற ஊதுகருவியும் மத்தளமும் சேர்ந்தால் மூடிய அறையில் காது அடைக்கும். ஒரு பக்கம் அரைச்சுவரோடு திறந்தே இருக்கட்டும். மரப்பொம்மைகளை ஆட்டும் கட்டபொம்மலாட்டத்துக்குத் திரை கட்ட, எதிர்ச்சுவரில் இரண்டு இரும்பு வளையம் பதித்துவிட்டால் போதும்.

பின்சேர்க்கை

ஏற்காட்டில் பழைய காபி குடோனை மாற்ற நினைப்பவர் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே உப்புத் தொல்லை அவ்வளவு இருக்காது, ஆனால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பு வரும். ஒரு கல்லைப் பெயர்ப்பதற்கு முன் அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள். அப்புறம், காபி உலர்த்திய களம் இருந்தால் அதை மூடிக் கட்டாதீர்கள், விடிய விடியக் கூத்து நடத்த அதைவிட நல்ல இடம் கிடைக்காது.