காமன்ஸ் என்றால் புறம்போக்கு அல்ல

'காமன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் பலர் 'புறம்போக்கு' என்று எழுதிவிடுகிறார்கள். முதல் கோணல் அதுதான். நம் ஊர்ப் புறம்போக்கு, வருவாய்த்துறைக் கணக்கில் அரசு நிலம். இங்கிலாந்தின் காமன்ஸ் நிலத்துக்குப் பெரும்பாலும் தனி உரிமையாளர் இருப்பார். பொதுவில் இருப்பது நிலம் அல்ல. அதிலிருந்து இன்னதை எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை.

சரி, அந்த உரிமை ஊரார் எல்லாருக்கும் உண்டா? கிடையாது. தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் மேய்ச்சல் உரிமை குறிப்பிட்ட சில வீடுகளோடும் நிலங்களோடும் ஒட்டியது. மாடு, குதிரையை விடுவதற்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. கட்டியதற்கான ரசீது குதிரையின் வாலிலேயே இருக்கும்: 'அஜிஸ்டர்' எனப்படும் கண்காணிப்பாளர் தன் பகுதிக்குரிய வடிவில் வால்முடியைக் கத்தரித்துவிடுவார். இலையுதிர் காலத்தில் பன்றிகளை விடும் உரிமைக்குப் பெயர் 'பேனஜ்'. பச்சை ஓக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம். பன்றி அதைத் தின்று தீர்த்துவிடும். நிலத்தைக் கிளறாமலிருக்கப் பன்றியின் மூக்கில் வளையம் போடுவார்கள். விறகெடுக்கும் உரிமை 'எஸ்டோவர்ஸ்', மீன்பிடிக்கும் உரிமை 'பிஸ்கரி' என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். எல்லாவற்றையும் 'பொது உரிமை' என்று ஒரே மூட்டையில் கட்டுவதும் தவறுதான்.

சொல்லின் பிறப்பு லத்தீன் 'கம்யூனிஸ்'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்குள் இருக்கும் 'முனுஸ்' கடமையைக் குறிப்பது. பொது என்றாலே 'இலவசம்' என்று அந்த வேர் சொல்வதில்லை.

அப்புறம் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின். 1968-இல் அவர் எழுதிய 'காமன்ஸின் சோகம்' என்ற கட்டுரையைப் படித்தவர்கள், பொது மேய்ச்சல் நிலம் என்றாலே பேராசையால் அழியும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர் கற்பனை செய்தது கட்டுப்பாடே இல்லாத புல்வெளி. அசல் காமன்ஸில் ஒருவர் தன் சொந்த நிலத்தின் விளைச்சலைக் கொண்டு குளிர்காலத்தில் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ அத்தனையைத்தான் விடலாம் என்ற வழக்கம் பல இடங்களில் இருந்தது. 'கட்டுப்பாடற்ற காமன்ஸ்' என்றே சொல்லியிருக்க வேண்டும் என்று ஹார்டினே பின்னாளில் ஒப்புக்கொண்டார். இப்படிக் கூடி நிர்வகிக்கும் முறைகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஹார்டினை மேற்கோள் காட்டுபவர்கள் இவரையும் ஒருமுறை புரட்டலாம்.

இணையத்தில் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற பகிர்வு உரிமத்தைப் பார்த்தாலும் இதே கவனம் வேண்டும். படைத்தவரின் பதிப்புரிமை அப்படியேதான் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையை எடுத்து அச்சிடலாம், விற்கவும் செய்யலாம்; ஆனால் மூலத்தைச் சொல்லி, நீங்கள் மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.