கேம்பர் வேனின் மங்கிய முகப்பு விளக்குகள்

இரவில் வேனை ஓட்டவே பயந்துகொண்டிருந்தேன். முகப்பு விளக்கு எரியும்; ஆனால் சாலை தெரியாது. பல்புதான் பழசு என்று நினைத்துப் புது எச்4 வகை ஆலசன் பல்பு வாங்கி மாட்டினேன். அதே மஞ்சள் மங்கல்.

பிறகுதான் மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன், முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், பல்பு முனையில் 11.9. ஆலசனில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். என் வண்டியில் டிம் விளக்குகள் இரண்டுக்குமான 110 வாட் மின்சாரம், அதாவது சுமார் 9 ஆம்பியர், மெல்லிய பழைய ஒயர் வழியாக டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. சுவிட்சைக் கழற்றினால் பின்பக்கப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. அதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வைத்தேன்; சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச் அது. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்கு மின்சாரம், 87 என்ற முனையிலிருந்து பல்புக்கு. பழைய ஒயர் இப்போது ரிலேயை இயக்க மட்டும்தான். எர்த் ஒயரையும் புதிதாகப் போடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பல்பு முனையில் இப்போது 13.7 வோல்ட். வெளிச்சம் வெள்ளையாக விழுகிறது.

பக்கவாட்டு விளக்குகள் எளிது. எர்த் முனைத் துருவைச் சுரண்டி எல்.இ.டி. அல்லாத சாதாரண 5 வாட் பல்பையே போட்டேன். கடைசியில் சுவர் முன் நிறுத்தி ஒளிக்கற்றையின் உயரத்தைச் சரிசெய்தேன். எதிரே வருபவரின் கண்ணும் முக்கியம்.