முதல் ஃபேன்டஸி நாவல்: வரைபடத்தை மூடி வைத்துவிட்டு எங்கே தொடங்குவது?

என் அலமாரியில் 192 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. உள்ளே ஏழு நாடுகள், ஏழு கொடிகள், பதினான்கு தலைமுறை அரசர்களின் வம்சாவளி. நடுப்பக்கத்தில் கலர் பென்சிலால் வரைந்த வரைபடம்: மலைக்குப் பழுப்பு, கடலுக்கு நீலம். ஒரு டிராகனுக்குக் குலதெய்வம்கூட உண்டு. இரண்டு வருஷ உழைப்பு. கதை மட்டும் ஒரு வரிகூட இல்லை.

ஃபேன்டஸி எழுத ஆசைப்படுகிறவர்கள் பலர் விழுகிற குழி இதுதான். உலகம் கட்டுவது சுகமான வேலை. எழுதுவதுபோலவே இருக்கும், ஆனால் அது எழுதுவதில்லை. அதனால் இந்த வழிமுறையில் உலகத்தைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். முழுக்கவும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டே போகலாம்.

படி 1: ஒரே ஒரு விசித்திரம்

உங்கள் உலகத்தில் நம் உலகத்தில் நடக்காத ஒரு விஷயம் நடக்கிறது. அது என்ன? ஒன்றே ஒன்று. பறக்கும் குதிரை, பேசும் வாள், சாகாவரம், இரட்டைச் சூரியன் என்று எல்லாவற்றையும் ஒரே இலையில் பரிமாறினால் எதுவும் ருசிக்காது.

எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் உங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு தொழிலிலிருந்து எடுங்கள். எனக்குக் கண்மாய் தெரியும். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். அதை வைத்து நான் பிடித்த விசித்திரம் இது: ஓரியேந்தல் என்ற ஊரில் நீர்க்கட்டி சொன்னால் தண்ணீர் கேட்கும். எந்த வயலைச் சொல்கிறாரோ அங்கே போகும்.

இது வரைக்கும் இது கதை இல்லை, வெறும் வசதி.

படி 2: அதற்கு விலை வையுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். மாயம் இலவசமாகக் கிடைத்தால் கதாநாயகனுக்கு எந்தக் கஷ்டமும் மிஞ்சாது. முதல் அத்தியாயத்திலேயே மந்திரத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமே!

நம் பழைய நூல்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா நடக்கும் புகார் நகரில் ஐந்து மன்றங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மாயம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை. வெள்ளிடை மன்றத்தில் சரக்கு மூட்டைகள் பூட்டும் காவலும் இல்லாமல் கிடக்கும். திருடன் எடுத்தால் மூட்டை தலையில் ஏறிக்கொள்ளும். கழுத்து கடுக்கக் கடுக்கச் சுற்றித் திரியலாமே தவிர, அதைக் கொண்டுபோக முடியாது. பாவை மன்றத்தில் ஒரு சிலை நிற்கிறது. அரசன் நீதி தவறினால் அது அழும், ஆனால் பேசாது. கவனியுங்கள்: பேசாது. அப்படியானால் அது எதற்காக அழுகிறது என்று யாராவது கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு நாவலுக்கான வேலை அந்த ஒரு சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது.

மணிமேகலையில் வரும் அமுதசுரபி இன்னும் நுட்பம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் ஆபுத்திரன் அதை வைத்துத்தான் எல்லாருக்கும் சோறு போடுகிறான். வரம் தர வந்த இந்திரனைப் பார்த்து அவன் சிரித்துவிடுகிறான். இந்திரனுக்குக் கோபம். பாத்திரத்தை உடைத்தானா, பிடுங்கினானா? இல்லை, மழையைப் பெய்ய வைத்தான். நாடு செழித்தது, பசியென்று வர ஆளே இல்லாமல் போனது, ஆபுத்திரன் கையில் பாத்திரத்தோடு திண்டாடி நின்றான். மாயத்தைத் தொடாமலே அதைத் தோற்கடிக்கிற எதிரி! இதைப் படித்த அன்றைக்கு நான் என் டிராகனை ஓய்வுபெறச் சொல்லிவிட்டேன்.

சரி, நம் நீர்க்கட்டிக்கு என்ன விலை? ரத்தம், ஆயுள், நினைவு என்று முதலில் தோன்றுவதையெல்லாம் தாளில் எழுதி அடித்துவிடுங்கள். உங்களுக்கு முதலில் தோன்றுவது எல்லாருக்கும் முதலில் தோன்றுவதுதான். நான் ஆறேழு அடித்த பிறகு வந்தது இது: தண்ணீரை ஒருமுறை திருப்ப ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும். கொடுத்த சொல் அதன் பிறகு அவர் வாயில் வரவே வராது.

படி 3: ஓட்டை தேடுங்கள்

உங்கள் விதியை ஒரு குறுக்குப் புத்திக்காரர் கையில் கொடுத்துப் பாருங்கள். என் தம்பி இதற்கென்றே பிறந்தவன். கேட்டதும் வரிசையாக அடுக்கினான்.

“நிகண்டைப் பிரிச்சு யாருக்கும் தெரியாத பழைய சொல்லா குடுத்துட்டே இருந்தா?” அடைக்க வேண்டிய ஓட்டை. அன்றாடம் புழங்குகிற சொல்லை மட்டுமே கண்மாய் ஏற்கும் என்று விதியைத் திருத்தினேன்.

“மழையைக் குடுத்துட்டு ‘மேலேர்ந்து வர்றது’ன்னு சுத்தி வளைச்சு சொன்னா?” இதை அடைக்கவில்லை. நம் நீர்க்கட்டி ஒரு தாத்தா. அவர் பேச்சு வருஷத்துக்கு வருஷம் சுற்று வழியாக மாறும், விடுகதை மாதிரி. கதைக்கு இது சொத்து.

“எழுதிக் காட்டினா?” எழுதவும் வராது. ஆனால் சாடை காட்டலாம். அப்படியானால் நீர்க்கட்டிக் குடும்பங்களுக்குள் தலைமுறையாக ஒரு சைகைமொழி இருக்கும். உட்கார்ந்து யோசிக்காமலே உலகத்தில் ஒரு பகுதி தானாகக் கட்டப்பட்டுவிட்டது பாருங்கள்.

கடைசியாகக் கேட்டான்: “மேல்மடைப் பணக்காரன் ஏன் தன் சொல்லைக் குடுக்கணும்? கூலிக்கு ஆள் வெச்சு அவன் சொல்லைக் குடுக்க வெப்பானே?”

அங்கே எனக்கு வில்லன் கிடைத்தான். கருப்பு அங்கியும் சிவந்த கண்ணும் வேண்டாம். கடன்பட்டவர்களை அழைத்து வந்து, ஒரு மரக்கால் நெல்லுக்கு ஒரு சொல் என்று வாங்குகிற கணக்குப்பிள்ளை போதும்.

படி 4: யாருக்கு அதிகம் வலிக்கிறது?

விலையின் பாரம் யார் தலையில் விழுகிறதோ அவர்தான் உங்கள் முதன்மைப் பாத்திரம். நான் முதலில் தாத்தாவை வைத்தே எழுதிப் பார்த்தேன், நகரவில்லை. கொடுப்பது அவர் முடிவு, இழப்பதும் அவரே. பேத்தி செவந்தி உள்ளே வந்ததும் கதை நகர்ந்தது. அவள் பிறந்த வருஷம் கடைமடை காய்ந்தது, அன்றாடம் அவர் வாயில் புழங்கிய அவள் பெயரைத் தாத்தா கண்மாய்க்குக் கொடுத்துவிட்டார். அது அவளுக்குத் தெரியாது. ஏன் நம்மைப் பெயர் சொல்லியே கூப்பிடுவதில்லை என்று மட்டும் உள்ளுக்குள் உறுத்துகிறது.

உங்கள் பாத்திரத்துக்கு ஒரு ஆசை, ஒரு தடை, தெரியாத ஒரு விஷயம். இந்த மூன்றையும் எழுதிவிட்டால் போதும். கண் நிறம், உயரம், பிடித்த சாப்பாடு எல்லாம் தேவைப்படும்போது வரும்.

படி 5: பெயரும் பேச்சும்

ஆர்கான், செரோனியா, வால்தரிஸ் என்றெல்லாம் பெயர் வைக்கக் கை அரிக்கும். வைக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பெயருள்ளவர்கள் “ஏண்டா இவ்வளவு நேரம்?” என்று பேசும்போது காதில் இடிக்கும். ஊர்ப்பெயருக்கு நம்மிடம் இருக்கிற விகுதிகளே போதும்: ஏந்தல், ஊரணி, மங்கலம், பட்டி, துறை. முன்னால் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும்.

பேச்சுதான் பெரிய தலைவலி. “தேவி, தாங்கள் இவ்விடம் எழுந்தருளியது என் பாக்கியம்” என்ற நடை சரித்திர நாவல்களால் நம் விரலில் ஊறிப்போனது. அதில் ஒரு சண்டையை எழுதிப் பாருங்கள், நாடக மேடை மாதிரி ஆகிவிடும். நான் விவரிப்பை எழுத்துத் தமிழிலும், உரையாடலை எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கிலும் வைத்தேன். உங்களுக்கு எது ஒத்துவரும் என்று தெரிய ஒரு சோதனை: இரண்டு பாத்திரங்கள் தண்ணீருக்காகவோ சோற்றுக்காகவோ பத்து வரி சண்டை போடட்டும். எந்த நடையில் கோபம் உண்மையாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

நேர அளவையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கடிகாரமில்லாத ஊரில் “ஐந்து நிமிடம்” என்று எழுதக்கூடாது. நாழிகை என்றால் 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. இதை நினைவில் வைக்காமல் “அரை நாழிகையில் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டான்” என்று எழுதினால் பன்னிரண்டு நிமிடத்தில் நாடு தாண்டிவிட்டான் என்று அர்த்தம்.

படி 6: ஒரு பக்கத் திட்டம்

ஒரே ஒரு தாள். பத்து வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு மாற்றம். முதல் வரியும் கடைசி வரியும் தெரிந்தால் நடுவில் இரண்டு மூன்று காலியாக இருந்தாலும் பரவாயில்லை, தொடங்குங்கள்.

படி 7: முதல் காட்சி

நான் முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம்: “கடல்கோளுக்கும் முந்தைய காலத்தில் ஏழு ஏரிகளையும் கட்டியாண்ட மாமன்னன், தன் மூன்றாம் பாட்டனின் சாபத்தால்…” மூன்றாம் பாட்டன் யாராக இருந்தால் படிக்கிறவருக்கு என்ன?

இப்போது இருப்பது:

தாத்தா இன்றைக்கும் “ஏ பிள்ளை” என்றுதான் கூப்பிட்டார். கஞ்சிச் சட்டியை வாங்கி மதகுக்கல்லில் வைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, எதையோ தேடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு விரல்களைக் குவித்து நாக்கில் தொட்டு, முகத்தைச் சுளித்துக் காட்டினார்.

“உப்பு இல்லையா?” என்றாள் செவந்தி.

தலையாட்டினார். போன வாரம் வரைக்கும் அந்தச் சொல் அவரிடம் இருந்தது.

விதியை நான் எங்கும் விளக்கவில்லை. கஞ்சியில் உப்பில்லாததை மட்டும் காட்டினேன். விளக்கத்தைக் குறைந்தது மூன்றாம் அத்தியாயம் வரை தள்ளிப்போடுங்கள். படிக்கிறவர் அதுவரை தாங்குவார்.

படி 8: தினமும் 300 சொல்

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொல்கிற சொல் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது நமக்கு ஒரே சொல். அதே கதை தமிழில் குறைந்த சொற்களிலேயே முடிந்துவிடும். முதல் நாவலுக்கு 45,000 சொல் தாராளம். நாளுக்கு 300 என்றால் 150 நாள். தட்டச்சு வராவிட்டால் போனில் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது. உரையாடல்களுக்கு அது நன்றாகவே வரும், புணர்ச்சியும் ஒற்றும்தான் படாதபாடு படும், பிறகு திருத்திக்கொள்ளலாம். எழுதியதை அன்றன்றைக்கே உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். என் போன் ஒருமுறை குளியலறை வாளியில் விழுந்தது, நான்கு அத்தியாயம் அதோடு போனது.

எழுதும்போது பின்னால் போய்த் திருத்தாதீர்கள். தோன்றும் மாற்றத்தைத் தனியாக ஒரு வரி குறித்துவிட்டு முன்னால் போங்கள்.

படி 9: விதிப் பட்டியலோடு மறுவாசிப்பு

முடித்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு ஃபேன்டஸியே படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்பார், அது எதற்கும் உதவாது. “எந்தப் பக்கத்துல கீழ வெச்சீங்க?” என்று கேளுங்கள்.

தாத்தா இழந்த சொற்களை எல்லாம் அத்தியாய எண்ணோடு ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். மொத்தம் 41. மூன்று தடவை சரிபார்த்தேன். பிரதியைப் படித்த பெரியம்மா, பதினொன்றாம் அத்தியாயத்தில் விரலை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஏண்டா, உன் தாத்தா இங்க உப்பு கேக்குறாரே?”