பாஸ்வேர்டு மேனேஜர்: முதலில் உங்கள் சாதனங்களை எண்ணுங்கள்

போன ஐப்பசி மழையில் கோத்தகிரியில் அலமாரிக்குள்ளேயே ஈரம் ஏறி, பாஸ்வேர்டெல்லாம் எழுதி வைத்திருந்த என் நோட்டு பூஞ்சை பிடித்துவிட்டது. இங்க் பேனாவில் எழுதியது வேறு. மெயில் பாஸ்வேர்டின் கடைசி எழுத்து மூன்றா எட்டா என்று முட்டிக்கொண்ட அன்றைக்குத்தான், பாஸ்வேர்டுகளையெல்லாம் பூட்டி வைத்து வேண்டிய இடத்தில் தானாக நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் ஒன்றைத் தேட இறங்கினேன்.

எந்த ஆப்பையும் இறக்குவதற்கு முன் நீங்கள் தொடும் சாதனங்களை எழுதுங்கள். நான் இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கையில் ஆண்ட்ராய்டு போன், பில் போட விண்டோஸ் லேப்டாப், அதில் ஃபயர்பாக்ஸ், அப்புறம் மகள் விட்டுப்போன பழைய ஐபேட். இந்தப் பட்டியலே பாதி முடிவைச் சொல்லிவிட்டது. ஆப்பிளின் பாஸ்வேர்ட்ஸ் ஆப் ஆண்ட்ராய்டுக்குக் கிடையாது. கூகுளுடையது குரோமும் ஆண்ட்ராய்டும் மட்டும் இருந்தால் போதும், ஃபயர்பாக்ஸில் தானாக நிரப்பாது.

அடுத்து, இலவசம் என்றால் எத்தனை சாதனத்துக்கு என்று பாருங்கள். லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் 2021 மார்ச்சில் இலவசக் கணக்கைக் கணினி அல்லது மொபைல், ஏதாவது ஒன்றுக்குத்தான் என்று சுருக்கியது. பிட்வார்டன், புரோட்டான் பாஸ் என்ற வேறு இரண்டு மேனேஜர்களிலும் இலவசத்திலேயே எத்தனை சாதனத்திலும் போட்டுக்கொள்ளலாம். கீபாஸ் வகையில் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும், நெட்டே வேண்டாம். ஆனால் அந்த ஃபைலை ஒவ்வொரு சாதனத்துக்கும் நாமே கொண்டுபோக வேண்டும், புதியவர்களுக்கு அது தலைவலி. நான் பிட்வார்டன் எடுத்தேன்.

சரி, மாஸ்டர் பாஸ்வேர்டு, அதாவது மற்ற எல்லாவற்றையும் திறக்கும் ஒரே சாவி. குடை, முறுக்கு, ஏணி, பத்தாயம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள் (இதையே வைத்துவிடாதீர்கள்!). மறந்தால் பிட்வார்டன்காரர்களாலும் மீட்டுத் தர முடியாது. ஒரு தாளில் பென்சிலால் எழுதி, காற்றுப்புகாத வர்க்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மெயில் பாஸ்வேர்டும் அதே தாளில் இருக்கிறது, ஏனென்றால் புதுச் சாதனத்தில் நுழையும்போது மெயிலுக்குத்தான் குறியீடு வரும், அந்த மெயிலின் சாவியும் உள்ளே மாட்டிக்கொண்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

பழைய பாஸ்வேர்டுகளைப் பிரவுசரிலிருந்து சிஎஸ்வி ஃபைலாக (பூட்டு இல்லாத வெறும் எழுத்துப் பட்டியல்) எடுத்து பிட்வார்டனில் இம்போர்ட் செய்யலாம். அதை நோட்பேடில் திறந்தால் அத்தனையும் பச்சையாகத் தெரியும், எனவே வேலை முடிந்ததும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில் இதைச் செய்யவே வேண்டாம். போனில் செட்டிங்ஸில் ஆட்டோஃபில் என்று தேடி பிட்வார்டனைத் தேர்ந்தெடுத்தால் தானாக நிரப்பும்.

கடைசியாக ஒரு சோதனை. மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் போகும் ஊர் நம்முடையது. ஃபிளைட் மோடு போட்டு ஆப்பைத் திறந்து பாருங்கள். லாக் ஆகியிருந்தால் மாஸ்டர் பாஸ்வேர்டு போட்டதும் நெட் இல்லாமலே எல்லாம் தெரியும், லாக் அவுட், அதாவது கணக்கிலிருந்தே வெளியேறியிருந்தால் தெரியாது. அதனால் டைம்அவுட் அமைப்பில் (கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் ஆப் என்ன செய்ய வேண்டும் என்பது) 'லாக்' என்று வையுங்கள். என் ஐபேடில் அது 'லாக் அவுட்' என்று இருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.